பெட்டி வைத்த பிறகு கேட்ட கேள்வி

எங்கள் ஊர் வாசிகசாலையில் நான் ஆங்கிலம் படிப்பிக்கத் தொடங்கியபோது எனக்கு இருபத்தொரு வயது. மாணவர்கள் ஒன்பது பேர். எல்லோரும் ஆண்கள், எல்லோரும் கடலோடிகள். மிக இளையவர் என்னைவிட எட்டு வயது மூத்தவர். மிக மூத்தவர் என் தகப்பன்.

எழுபதுகளின் தொடக்கம் அது. தொண்டைமானாற்றுக்கு அடுத்த எங்கள் கரையிலிருந்து சரக்கேற்றிக்கொண்டு பாய்க்கப்பல்கள் போன காலம் முடிந்துகொண்டிருந்தது. கப்பல்கள் ஒவ்வொன்றாகக் கரையேற்றப்பட்டு, பலகை பலகையாகக் கழன்றுபோயின. அவற்றை ஓட்டியவர்கள் வெளிநாட்டுச் சரக்குக் கப்பல்களில் மாலுமி வேலை தேடினார்கள். அதற்கு ஆள் எடுக்கும் அலுவலகம் ஒன்று கொழும்பில் இருந்தது. அங்கே ஓர் அதிகாரி அச்சடித்த தாள் ஒன்றைக் கையில் தருவார். அதை உரக்க வாசிக்க வேண்டும். பிறகு அவர் ஐந்து நிமிடம் கதைப்பார். தாளில் உள்ளதைப் பற்றிக் கேட்பார், வந்தவரைப் பற்றியும் கேட்பார். பதில் வராவிட்டால் அடுத்த ஆளைக் கூப்பிடுவார். ஒரு வருடத்துக்கு அந்தக் கதவை மறுபடி தட்ட முடியாது.

என் வகுப்பில் ஒருவர் அங்கே போய்த் தோற்றுத் திரும்பியவர். முதல் நாளே எழுந்து நின்று சொன்னார்.

"முழுத்தாளும் வாசிச்சிட்டன், ரீச்சர். பிறகு என்னவோ கேட்டான். கேட்டது விளங்கிச்சுது. பதிலும் தெரியும். வாய்தான் வரேல்லை. அவன் மணிக்கூட்டைப் பாத்தான். நான் எழும்பி வந்திட்டன்."

"என்ன கேட்டவர்?"

"அதுதான் ரீச்சர் சிரிப்பு. நீ எங்கை போகப் போறாய் எண்டு கேட்டான்."

ஒருவரும் சிரிக்கவில்லை. அது எனக்கு அப்போது வித்தியாசமாகப் படவில்லை.

ஐயாவுக்கு நாற்பத்தேழு வயது. நாற்பத்தெட்டுக்கு மேல் அந்த அலுவலகம் எடுக்காது. ஆக அவருக்கு இருந்தது ஒரேயொரு தடவை. இருபது வருடம் தண்டையலாக இருந்தவர் அவர். கப்பலின் தலைவரை எங்கள் கரையில் அப்படித்தான் சொல்வோம். இப்போது கடைநிலை மாலுமியாகப் போவதற்கு, மகளுக்கு முன்னால் மர வாங்கில் இருந்து எழுத்துக் கூட்டினார். வகுப்பில் சேரப்போவதாக வீட்டில் அவர் சொல்லவேயில்லை. முதல் நாள் நான் பெயர்களை எழுதும்போது, கடைசி வாங்கில் யன்னலோரமாக இருந்தார். நானும் மற்றவர்களின் பெயருக்குக் கீழே அவருடைய பெயரை எழுதிக்கொண்டேன்.

மற்றவர்கள் என்னை ரீச்சர் என்றார்கள். அவர் என்னை ஒன்றும் சொல்லிக் கூப்பிடுவதில்லை. நானும் வகுப்பில் அவரை ஐயா என்றதில்லை.

நான் பெருமைக்காரி. அதை மறைக்கப் போவதில்லை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடப் படி ஏறிய முதல் ஆள் நான். ஐயா தமிழ் வாசிக்கப் பழகியது கப்பல் தட்டில், கிழிந்த பஞ்சாங்கம் ஒன்றை வைத்து. அம்மாவுக்குக் கையெழுத்தும் இல்லை. என்னை ஆறு வயதில் வட்டுக்கோட்டைப் பக்கம் விடுதியோடு கூடிய பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் கொண்டுபோய் விட்டார்கள். எங்கள் கரையில் அதற்கு முன் ஒருவரும் ஒரு பெண் பிள்ளையை அப்படி அனுப்பியதில்லை. ஏன் உன்னை மட்டும் அனுப்பினார்கள் என்று விடுதியில் கேட்பார்கள். "ஐயாவுக்கு என் மூளையில் நம்பிக்கை" என்பேன். பதினான்கு வருடம் அந்தப் பதிலைத்தான் சொன்னேன்.

வகுப்புக்கு என்னிடம் ஒரே ஒரு புத்தகம் இருந்தது. விடுதியை விட்டு வரும்போது அங்கே கழித்துவிட்ட புத்தகங்களுக்குள் எடுத்தது. வயது வந்தபின் வாசிக்கப் பழகுகிறவர்களுக்காக எங்கோ குளிர் நாட்டில் எழுதியது. கடைசிப் பக்கத்தில், வாசித்து முடித்ததும் மாணவர்கள் தங்களுக்குள் பேசுவதற்கென்று இருபது தலைப்புகள் இருந்தன. உங்கள் செல்லப் பிராணி. பனி பெய்யும் நாளில் வீட்டுக்குள் என்ன செய்வீர்கள். கடைசியாக உணவகத்தில் என்ன சாப்பிட்டீர்கள். நான் அவற்றை ஒன்றுவிடாமல் மட்டையில் எழுதிச் சுவரில் தொங்கவிட்டேன். அச்சடித்த புத்தகத்தில் இருப்பது பிழையாக இராது என்பது என் எண்ணம்.

செல்லப் பிராணியில் ஒரு வாரம் போனது. முன் வாங்கில் இருந்த சுருட்டுக்காரர், அணைத்த சுருட்டைக் காதில் செருகிக்கொண்டே வகுப்புக்கு வருகிறவர், எழுந்து தமிழில் தொடங்கினார்.

"நாய் இருக்கு ரீச்சர். ஆனால் என்ரை இல்லை. பக்கத்து வீட்டுக்காரன்ரை. சாப்பிடுறது மட்டும் எங்கடை வீட்டிலை. இதை இங்கிலிஸிலை எப்பிடிச் சொல்லுறது?"

"மை டோக் என்று சொல்லுங்கோ."

"பொய் சொல்லச் சொல்லுறியளோ? அவன் கேட்டால் சண்டைக்கு வருவான்."

ஐயாவின் சிக்கல் வேறு. அவருக்கு ஆங்கிலத்தின் பெரிய எழுத்துகள் எல்லாம் தெரியும். துறைமுகங்களில் நின்ற நீராவிக் கப்பல்களின் பின்புறத்தில் ஆள் உயரத்துக்கு எழுதிய பெயர்களைப் பார்த்துப் பார்த்துப் பழகியவை. சின்ன எழுத்துகள் ஒன்றும் தெரியாது. கப்பலில் யாரும் சின்ன எழுத்தில் பெயர் எழுதுவதில்லை. அவற்றைப் பழக்க இரண்டு மாதம் எடுத்தது. பிழை விட்டால் மற்றவர்களுக்கு ஒரு தடவை சொல்வேன், அவருக்கு மூன்று தடவை சொல்வேன். மகள் என்று சலுகை காட்டுகிறாள் என்ற பெயர் எனக்கு வேண்டாம். அவர் தலையைக் குனிந்தபடி திரும்ப வாசிப்பார். கழுத்து நரம்பு புடைக்கும். வகுப்பு முடிந்து வீட்டுக்கு ஒரே ஒழுங்கையால் போவோம், அவர் இருபது அடி முன்னால்.

ஒன்பதாவது தலைப்பு: எங்கே போகிறீர்கள்?

அதைக் கரும்பலகையில் எழுதிவிட்டுத் திரும்பினேன். எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எங்கள் பக்கத்தில், பயணம் வெளிக்கிட்டு நிற்கிறவரிடம் எங்கே என்று கேட்க மாட்டார்கள். அறிந்தே ஆக வேண்டுமென்றால் "தூரமோ?" என்பார்கள். கடலுக்குப் போகிற வீடுகளில் இது இன்னும் கடுமை. யாராவது கேட்டுவிட்டால், போனவர் திரும்பி வீட்டுக்கு வந்து, கதிரையிலோ திண்ணையிலோ இருந்து, ஒரு மிடறு தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி புறப்பட வேண்டும். அதேபோல, போகிறேன் என்று மட்டும் சொல்லி ஒருவரும் படலையைத் தாண்ட மாட்டார்கள். "போட்டு வாறன்" என்றுதான் சொல்வார்கள். இதெல்லாம் எனக்கும் தெரியும். தெரிந்துதான் எழுதினேன். நாலு எழுத்துப் படித்தவள் இவற்றுக்கெல்லாம் ஒதுங்கி நடப்பதா என்ற எண்ணம்.

சுருட்டுக்காரர் எழுந்தார். "ரீச்சர், உந்தத் தலைப்பை விட்டிட்டு அடுத்ததுக்குப் போவம்."

"ஏன்?"

"கேக்கப்படாது."

"அங்கே கேட்பார்களே. கேட்டுத்தானே இவர் திரும்பி வந்தவர்."

"அதுதானே அண்ணை," என்றார் தோற்று வந்தவர். "இங்கிலிஸிலை கேட்டால் பரவாயில்லை. கடலுக்கு இங்கிலிஸ் தெரியாது."

"ஆர் சொன்னது? வெள்ளைக்காரன்ரை கப்பல் எத்தினை கடலிலை தாண்டு போச்சுது. உன்னைவிடக் கடலுக்கு நல்லாத் தெரியும்."

வகுப்பே சிரித்தது. பிறகு தங்களுக்குள் கதைத்து ஒரு முடிவுக்கு வந்தார்கள். வெளிக்கிட்டு நிற்கிற ஆளிடம்தான் கேட்கப்படாது. வாங்கில் இருக்கிற ஆளிடம் கேட்கலாம், அதில் குற்றமில்லை. அப்படி ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டார்கள். "வேர் ஆர் யூ கோயிங்?" பதில் மட்டும் எல்லோருக்கும் ஒரே மாதிரி வந்தது. "ஐ ஆம் கோயிங் அண்ட் கமிங்." கோயிங் என்று நிறுத்த ஒருவருக்கும் மனமில்லை. கப்பலில் ஒருவரும் அப்படிச் சொல்வதில்லை, சிரிப்பார்கள் என்று நான் ஒவ்வொரு நாளும் திருத்தினேன். ஒவ்வொரு நாளும் அந்தக் கமிங் திரும்பி வந்தது.

ஐயா மற்றவர்கள் கேட்டால் பதில் சொன்னார். நான் கேட்டால் யன்னலுக்கு வெளியே பார்த்தார். மகள் கேள்வி கேட்பதைத் தாங்க முடியவில்லை என்று நினைத்தேன். எனக்கும் வீம்பு பிடித்தது. அடுத்த நாளும் கேட்டேன். அவர் அடுத்த நாளும் யன்னலைப் பார்த்தார்.

கொழும்பிலிருந்து அவருக்குக் கடிதம் வந்தது. திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு வரச் சொல்லியிருந்தது. சனிக்கிழமை காலை புறப்படுவதென்று முடிவானது.

வெள்ளிக்கிழமை பின்னேரம் கடைசி வகுப்பு. நான் போகும்போது வாசிகசாலைக் கதவோரத்தில் ஐயாவின் றங்குப்பெட்டி இருந்தது. காலையில் பஸ் அங்கேதான் நிற்கும், அதனால் முன்கூட்டியே வைத்துவிட்டார் என்று நினைத்தேன். நான் அந்தப் பெட்டியைப் பற்றி ஒருவரிடமும் கேட்கவில்லை.

மேசையை யன்னல் பக்கம் திருப்பிப் போட்டு, கொழும்பு அதிகாரியைப் போல நான் அதன் பின்னால் இருந்தேன். ஐயாவைக் கூப்பிட்டு முன்னால் நிற்கச் சொன்னேன்.

சுருட்டுக்காரர் மெதுவாக, "இண்டைக்கு அவரை விடுங்கோ, ரீச்சர்," என்றார்.

"திங்கட்கிழமை சோதனை. இன்றைக்கு விட்டால் எப்போது கேட்பது?"

ஐயா வந்து நின்றார். தாளைக் கொடுத்தேன். தீப்பிடித்தால் கப்பலில் என்ன செய்ய வேண்டும் என்ற அறிவித்தல், நானே எழுதியது. வாசித்தார். இரண்டே இடத்தில்தான் தடக்கினார். சின்ன எழுத்து ஒன்றையும் விடவில்லை. பின்னால் யாரோ மூச்சு விட்டது கேட்டது. அந்த நிமிடம் எனக்குள் வந்த சந்தோஷத்தை நான் முகத்தில் காட்டவில்லை. தாளைத் திருப்பி வாங்கிக்கொண்டு கேட்டேன்.

"வேர் ஆர் யூ கோயிங்?"

அவர் யன்னலைப் பார்த்தார்.

"வேர் ஆர் யூ கோயிங்?"

"பிள்ளை," என்றார் சுருட்டுக்காரர். ஆறு மாதத்தில் அவர் என்னை ரீச்சர் என்று சொல்லாதது அதுதான் முதல் தடவை.

நான் அவரைப் பார்க்கவில்லை. பதில் தெரிந்த ஒருவர் வாய் திறக்காமல் தோற்று வந்த கதை என் தலைக்குள் நின்றது. ஐயா தோற்கக் கூடாது. என் மாணவர் தோற்கக் கூடாது. இரண்டில் எது எனக்குப் பெரிதாக இருந்தது என்று இன்றும் என்னால் சொல்ல முடியாது. மேசையில் விரலால் தட்டி மூன்றாம் தடவை கேட்டேன்.

ஐயா திரும்பினார். கதவோரத்துக்குப் போனார். குனிந்து பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்தார். படி இறங்கிப் போய்விட்டார்.

தோற்று வந்தவர் முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டார்.

"இப்ப என்ன நடந்தது?" என்றேன்.

"பெட்டி வைச்ச ஆளிட்டைக் கேட்டுப்போட்டியே பிள்ளை," என்றார் சுருட்டுக்காரர். "நாளைக்கு நாள் சரியில்லை. அதுதான் இண்டைக்கு நல்ல நேரத்திலை பெட்டியைக் கொண்டுவந்து இஞ்சை வைச்சவர். பெட்டி வீட்டை விட்டு வந்தால் பயணம் துவங்கின கணக்கு. அவர் இஞ்சை நிண்டாலும் வெளிக்கிட்ட ஆள்தான்."

"திங்கட்கிழமை அங்கே கேட்டால்?"

"அங்கை கேக்கிறவன் அவரின்ரை மகள் இல்லை."

அவர்கள் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். வழக்கமாகக் கரும்பலகையை அழித்துவிட்டுப் போகிறவரும் அன்றைக்கு அழிக்கவில்லை.

வீட்டுக்கு வந்தபோது ஐயா முற்றத்தில் கதிரையில் இருந்தார். பக்கத்தில் பெட்டி. கையில் செம்பு. தண்ணீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டுச் செம்பைக் கவிழ்த்து வைத்தார். என்னைக் குத்திக்காட்டவே செய்கிறார் என்று எனக்குக் கோபம் வந்தது.

"பெட்டியை ஏன் கொண்டு வந்தனீங்கள்?"

"நாளைக்குப் போகேல்லை."

"திங்கட்கிழமைச் சோதனை?"

"அதுக்கும் போகேல்லை."

"நான் கேட்ட ஒரு சொல்லுக்காகவோ? ஆறு மாதம் படிச்சது இதுக்குத்தானோ?"

அம்மா குசினிக்குள்ளிருந்து வெளியே வந்தா. என் கையைப் பிடித்துக் கிணற்றடிக்கு இழுத்துக்கொண்டு போனா. அவ்வளவு இறுக்கமாக அம்மா என்னைப் பிடித்ததில்லை.

"அவரிட்டை நீயோ கேட்டனி?"

"ஓம்."

"எத்தினை தரம்?"

"மூண்டு."

அம்மா கிணற்றுக் கட்டின்மேல் இருந்தா. பிறகு தாழ்ந்த குரலில் சொல்லத் தொடங்கினா.

"உனக்கொரு குஞ்சியப்பு இருந்தவர் தெரியுந்தானே. ஐயாவின்ரை தம்பி."

கடலில் போனவர் என்று தெரியும். அதற்கு மேல் வீட்டில் யாரும் கதைப்பதில்லை.

"அவனும் தண்டையல்தான். ரெண்டு பேரின்ரை கப்பலும் ஒரே காலமை வெளிக்கிட்டது. உனக்கு அஞ்சு வயசு. நீ தண்ணிக்கரைக்கு ஓடிப்போய் அவன்ரை வேட்டியைப் பிடிச்சு, குஞ்சியப்பு எங்கை போறியள் எண்டு கேட்டனி. எல்லாரும் திரும்பி வந்து, இருந்து, தண்ணி குடிச்சிட்டுப் போ எண்டினம். ஐயாவும் சொன்னவர். அவன் சிரிச்சான். குழந்தை கேட்டதுக்கெல்லாம் இருந்தால் காத்து விழுந்திடும் எண்டான். உன்னைத் தூக்கிக் கொஞ்சிப்போட்டுப் போனான்."

கிணற்றுக்குள் வாளிக் கயிறு ஆடிக்கொண்டிருந்தது.

"ஐயாவின்ரை கப்பல் வந்தது. அவன்ரை வரேல்லை."

"என்னாலையோ அம்மா?"

"சனம் கதைச்சுது. ஐயா ஒருத்தரையும் உன்ரை காதிலை போட விடேல்லை. அடுத்த தையிலை கொண்டுபோய் விடுதியிலை விட்டார். கப்பல் வெளிக்கிடுற காலமைகளிலை நீ கரையிலை நிக்கப்படாது எண்டு. ஏதும் நடந்தால் உன்ரை தலையிலை போடுவங்கள் எண்டு. லீவுக்குக் கூட்டி வாறதும் கப்பல் போகாத நாளாய்ப் பாத்துத்தான்."

நான் நின்றுகொண்டே இருந்தேன். பதினான்கு வருடம் நான் சொல்லித் திரிந்த பதில் என் வாய்க்குள் வந்து நின்றது. என் மூளையில் நம்பிக்கை. விடுதியின் வெள்ளைச் சட்டை, ஆங்கிலப் பரிசுகள், ஊரில் முதல் பிள்ளை. எல்லாம் ஒரு குழந்தையைக் கரையிலிருந்து அகற்றி வைத்ததில் தொடங்கியவை.

"அப்ப என்னைப் படிக்க அனுப்பினது அதுக்குத்தானோ?"

"அனுப்பினது அதுக்குத்தான்," என்றா அம்மா. முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தா. "படிச்சது நீதானே."

விளக்கு வைக்கிற நேரமாகிவிட்டது. ஐயா அந்தக் கதிரையிலேயே இருந்தார். அவருக்கு முன்னால் நிலத்தில் இருந்தேன். வகுப்பில் நான் அவரைவிட உயரமான கதிரையில் இருப்பவள்.

"அம்மா சொன்னவ."

அவர் குசினிப் பக்கம் பார்த்தார். "என்ன சொன்னவ?"

"குஞ்சியப்புவைப் பற்றி."

"அது காத்து மாறின கடல்," என்றார். "நான் நில் எண்டு கை காட்டினனான். அவன் பாய் இறக்கேல்லை. உன்னாலை இல்லை."

"பிறகேன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தனீங்கள்?"

"எனக்காக இல்லைப் பிள்ளை. அவங்கள் எட்டுப் பேரும் பாத்துக்கொண்டு இருந்தவங்கள். எனக்கு ஏதும் நடந்தால் உன்னை இந்தக் கரையிலை இருக்க விடுவங்களோ? அப்ப விடுதி இருந்தது. இப்ப உன்னை எங்கை கொண்டுபோய் விட?"

நான் யோசித்தேன். இவ்வளவு நாளும் அந்த வழக்கத்துக்கு வெளியே நின்றுதான் கதைத்தேன். வெளியே நின்று சொல்வதற்கு இனி ஒன்றும் இருக்கவில்லை.

"குஞ்சியப்பு திரும்பி வரேல்லை. இருக்கேல்லை. தண்ணி குடிக்கேல்லை. நீங்கள் மூண்டும் செய்திட்டியள். நான் கேட்டது பழைய பயணத்தை. அது முடிஞ்சுது. நாளைக்கு வெளிக்கிட்டால் அது புதுப் பயணம்."

அவர் என்னை நேராகப் பார்த்தார். "நீ உதுகளை நம்புறியோ?"

"இல்லை."

"பிறகு?"

"நீங்கள் நம்புறியள். அந்த எட்டுப் பேரும் நம்புகினம். உங்கள் எல்லாருக்கும் சரியெண்டால் போதும்."

அவருடைய மீசை அசைந்தது. சிரிப்பா இல்லையா என்று இருட்டில் தெரியவில்லை.

"இன்னொரு விஷயம். அங்கை அந்த ஆள் அதைத்தான் கேப்பார். நீங்கள் யன்னலைப் பாத்தால் அவர் மணிக்கூட்டைப் பாப்பார். என்னட்டை ஒருக்காப் பதில் சொல்லிப்போட்டுப் போங்கோ. இருக்கிற ஆளிட்டைக் கேக்கலாம் எண்டு உங்கடை ஆக்கள்தானே சொன்னவை. நீங்கள் இப்ப இருக்கிறியள்."

"வாயாலை கேக்காதை," என்றார் உடனே.

உள்ளே போய்ச் சுவரில் இருந்த நாட்காட்டியில் போன மாதத் தாளைக் கிழித்தேன். அதன் பின்புறத்தில் அந்தக் கேள்வியைக் கரித்துண்டால் எழுதினேன். எல்லாம் பெரிய எழுத்தில், கப்பலின் பின்புறத்தில் எழுதுவதுபோல, தாள் நிறைய. விளக்கையும் எடுத்து வந்து, தாளை அவர் மடியில் வைத்தேன்.

அவர் அதைக் கை நீளத்துக்குப் பிடித்தார். துறைமுகத்தில் தூரத்தில் நிற்கும் கப்பலின் பெயரைப் பார்ப்பதுபோல கண்ணைச் சுருக்கினார். உதடுகள் அசைந்தன. நாலு சொல்லும் முடிந்த பிறகும் தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கரித்தூள் அவருடைய விரல்களில் ஒட்டியிருந்தது.

"ஐ ஆம் கோயிங் டு கொழும்பு," என்றார். தொண்டையைச் செருமிக்கொண்டார். "ஐ ஆம் கோயிங் டு ஷிப்."

பிறகு நிறுத்தினார்.

"மிச்சத்தைச் சொன்னால் நீ பிழை எண்டுவாய்."

சொல்லுங்கோ என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அந்த நேரத்திலும் திங்கட்கிழமைதான் என் நினைவில் இருந்தது. அவர் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

விடிகாலையில் அம்மா பஞ்சாங்கத்தைப் பக்கத்து வீட்டாரிடம் வாசிப்பித்து ஒரு நேரம் கேட்டு வந்தா. சரியில்லாத அந்த நாளிலும் சூரியன் ஏறுவதற்கு முன் அரை மணித்தியாலம் நல்ல நேரம் இருந்தது. ஐயா பெட்டியைத் தூக்கினார். படலையில் அம்மா, "தூரமோ?" என்றா. "ஓம்," என்றார் அவர். நான் அறைக்குள் நின்றேன். வெளியே வரவில்லை. நான் நம்பாத ஒன்றுக்கு நான் பயந்தது அன்றைக்குத்தான். அவர் போன பிறகு வாயைக் கையால் பொத்திக்கொண்டு நிற்கிறேன் என்பது எனக்கே தெரிந்தது.

திங்கட்கிழமை வகுப்பு வைத்தேன். எட்டுப் பேரும் வந்தார்கள். தலைப்பு மட்டையைத் திருப்பித் தொங்கவிட்டிருந்தேன். ஒருவரும் ஐயாவைப் பற்றிக் கதைக்கவில்லை. பத்து மணி கடந்து எவ்வளவோ நேரம் ஆகியிருந்தது, ஆனாலும் எல்லோருடைய கண்ணும் சுவர் மணிக்கூட்டில் இருந்தது. செவ்வாய்க்கிழமையும் ஒரு செய்தியும் இல்லை.

புதன்கிழமை மத்தியானம் ஒழுங்கையில் தந்திக்காரனின் சைக்கிள் மணி கேட்டது. எங்கள் ஒழுங்கைக்குத் தந்தி வருவது ஒரே காரணத்துக்குத்தான். படலையில் சைக்கிள் நின்றதும் அம்மா கையில் இருந்த சுளகைப் போட்டுவிட்டு முற்றத்து மணலில் இருந்துவிட்டா. பக்கத்து வீடுகளிலிருந்து பெண்கள் ஓடி வந்தார்கள். ஒருத்தி அழவே தொடங்கிவிட்டாள். இன்னொருத்தி அம்மாவைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்கு விளங்கியது. ஐந்து வயதில் விளங்காதது.

தந்தியை நான் வாங்கினேன். வேறு யார் வாங்குவது? அந்த முற்றத்தில் அதை வாசிக்கக்கூடியவள் நான் ஒருத்திதான். மடிப்பைப் பிரித்தேன். எல்லாம் பெரிய எழுத்துகள். முதல் சொல்லைப் பார்த்தேன். அடுத்த மூன்றையும் பார்த்தேன். மறுபடி முதலிலிருந்து பார்த்தேன்.

"என்னவாம்?" என்றா அம்மா.

"பாஸ்," என்றேன். "கோயிங் அண்ட் கமிங்."

"தமிழிலை சொல்லு பிள்ளை."

"சரி வந்திட்டுதாம். போட்டு வாறாராம்."

அழத் தொடங்கியவள் பாதியில் நிறுத்திவிட்டு மூக்கைச் சிந்தினாள். அம்மா மணலில் இருந்தபடியே கைகளைத் தலைக்கு மேல் தூக்கி, சந்நிதி முருகன் இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டா.

பதினாறு மாதம் கழித்து ஐயா திரும்பி வந்தார். சோதனையில் என்ன கேட்டார்கள் என்று அப்போதுதான் சொன்னார். அந்தக் கேள்வியை அந்த ஆள் கேட்கவேயில்லையாம். இதுவரை என்ன வேலை பார்த்தாய் என்று கேட்டாராம். "கப்டன்" என்றாராம் இவர். அந்த ஆள் சிரித்தாராம். இவர் சிரிக்கவில்லையாம். கரித்தாள் சட்டைப் பைக்குள்ளேயே இருந்ததாம்.

நான் இப்போது பள்ளிக்கூடமொன்றில் ஆங்கிலம் படிப்பிக்கிறேன். எங்கே படித்தாய் என்று கேட்டால் விடுதியின் பெயரைச் சொல்கிறேன். ஏன் அனுப்பினார்கள் என்று கேட்டால் பழைய பதிலைச் சொல்வதில்லை. அந்தப் புத்தகம் என்னிடம் இருக்கிறது. கடைசிப் பக்கத்தில், ஒன்பதாவது தலைப்புக்கு நேரே தந்தியை வைத்திருக்கிறேன். அவர் ஏறிய கப்பல் எந்தத் துறைமுகத்துக்குப் போகிறது என்று அதில் இல்லை. அவருக்கு எழுதிய முதல் கடிதத்தில் வீட்டுச் செய்தி எல்லாம் ஆங்கிலத்தில் எழுதினேன், எல்லாம் பெரிய எழுத்தில். அதை மட்டும் கேட்கவில்லை.